மாறுகண் ஆபரேஷனுக்குப் பிறகு கிருமித்தொற்று: எது சாதாரணச் சிவப்பு, எது ஆபத்து?

நிலாஅம்மா (இழையைத் தொடங்கியவர்) | திங்கள், இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது. இடது கண் மூக்குப் பக்கமாகத் திரும்பியிருக்கும். இரண்டு வயதிலிருந்தே கண்ணாடி போடுகிறாள். நல்ல கண்ணை மூடி ஒட்டும் பேட்ச் சிகிச்சையும் செய்தோம். இடது கண்ணின் பார்வை தேறிவிட்டது, ஆனால் கண்ணாடி போட்டாலும் திருப்பம் மிச்சமிருக்கிறது. அடுத்த வாரம் இரண்டு கண்ணிலும் தசை ஆபரேஷன் செய்யத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

சம்மதப் படிவத்தில் கண்ணுக்குள் கிருமித்தொற்று, பார்வை இழப்பு என்று ஒரு வரி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டேன். மிக அரிது, பயப்படாதீர்கள் என்றார். அறைக்கு வெளியே அவ்வளவு கூட்டம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை. தசை கண்ணுக்கு வெளியே இருப்பதுதானே, கிருமி உள்ளே எப்படிப் போகும்? அரிது என்றால் எவ்வளவு அரிது? வீட்டுக்கு வந்த பிறகு அப்படி ஏதாவது நடந்தால் எனக்கு எப்படித் தெரியும்? கண் சிவந்திருக்கும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். எல்லாக் குழந்தைக்கும் சிவந்திருக்குமென்றால் தொற்று வந்த கண்ணை எதை வைத்து அடையாளம் காண்பது?

வீட்டில் பெரியவர்கள் மாறுகண் அதிர்ஷ்டம், கத்தி வைக்காதே என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற_கண்மருத்துவர் | திங்கள், இரவு 11.05

அம்மா, நீங்கள் கேட்ட கேள்விகள் மிகச் சரியானவை. குழந்தையைப் பார்க்காமல் அவளைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது. பொதுவாக என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவை கண்ணின் வெள்ளைச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. அந்தச் சுவரை வெண்விழி என்போம். மாறுகண் ஆபரேஷனில் கண்ணைத் திறப்பதே இல்லை. மேலே இருக்கும் மெல்லிய சவ்வை வெட்டி, தசையை எடுத்து, சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தைப்போம், அல்லது தசையைக் கொஞ்சம் வெட்டிக் குறுக்கித் தைப்போம். நீங்கள் சொல்வதுபோல எல்லாம் கண்ணுக்கு வெளியேதான்.

சிக்கல் தையலில் இருக்கிறது. ஊசி வெண்விழியின் கனத்துக்குள்ளேயே நுழைந்து அதற்குள்ளேயே வெளியே வர வேண்டும். தசை ஒட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் வெண்விழி மிக மெல்லியது, சுமார் 0.3 மில்லிமீட்டர். மூன்று காகிதத் தாள்களை அடுக்கிய கனம்தான் அது. இதற்கென்றே நுனி தட்டையான ஊசியைப் பயன்படுத்துகிறோம். அப்படியும் எப்போதாவது ஊசி ஆழமாகப் போய்ச் சுவரைத் துளைத்துவிடலாம். ஊசியும் நூலும் கண்ணின் மேற்பரப்பைத் தொட்டு வருபவை. அங்கே எல்லோருக்கும் கிருமிகள் உண்டு. ஊசியோடு அவையும் உள்ளே போனால் கண்ணுக்குள் சீழ் பிடிக்கும். அதை எண்டாப்தால்மைட்டிஸ் என்கிறோம். துளையே விழாமல், தையல் போட்ட இடத்தில் வெண்விழிக்குள் சிறு சீழ்க்கட்டி உண்டாகி உள்ளே பரவிய குழந்தைகளும் உண்டு. ஆகவே ஆபரேஷனில் எந்தச் சிக்கலும் இல்லை என்று டாக்டர் சொன்னாலும் முதல் வாரம் கவனிக்கத்தான் வேண்டும்.

துளை விழுந்தாலே தொற்று வரும் என்றும் நினைக்க வேண்டாம். துளைபட்ட கண்களில் பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் இல்லாமல் ஆறிவிடுகின்றன. விழித்திரையைச் சோதித்து, தேவைப்பட்டால் லேசர் வைத்து, கூடுதலாகக் கண்காணிப்போம்.

எவ்வளவு அரிது என்று கேட்டீர்கள். கண்ணுக்குள் வரும் தொற்றுக்கு 1962இல் வந்த மதிப்பீடு 3,500 ஆபரேஷனுக்கு ஒன்று. 1992இல் வந்தது 1,85,000க்கு ஒன்று. இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம், இது அவ்வளவு அபூர்வம். ஒரு மருத்துவர் தன் வாழ்நாள் முழுக்க ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். என்னைப் பொறுத்தவரை நம்பத்தக்க கணக்கு பிரிட்டனில் எடுத்தது. அங்கே இரண்டு ஆண்டுகள் நாடு முழுவதும் மாறுகண் ஆபரேஷனின் கடுமையான சிக்கல்களை எல்லாம் பதிவுசெய்து 2013இல் வெளியிட்டார்கள். மொத்தம் 60 சம்பவங்கள், அதாவது சுமார் 400 ஆபரேஷனுக்கு ஒன்று. அதில் 19 வெண்விழித் துளை, 14 கடுமையான தொற்று, மற்றவை தசை நழுவியது போன்றவை. கடைசியில் கண்ணின் நிலை மோசமாக முடிந்தது 2,400க்கு ஒன்று.

கண்ணைச் சுற்றியுள்ள திசுவில் வரும் தொற்று, அதாவது செல்லுலைட்டிஸ், இதைவிட அடிக்கடி வரும். 1,100இலிருந்து 1,900 ஆபரேஷனுக்கு ஒன்று என்று சொல்வார்கள். அது சரியான நேரத்தில் பிடித்தால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகும். கண்ணுக்குள் வருவது அப்படியில்லை. இந்த இரண்டையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

தியேட்டர்_அக்கா | செவ்வாய், காலை 6.40

டாக்டர் சொன்னதோடு தியேட்டர் பக்கத்தையும் சொல்கிறேன், கண் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன்.

குழந்தை மயங்கிய பிறகு நாங்கள் முதலில் போடுவது போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. இமை, புருவம், கன்னம் எல்லாம் துடைத்துவிட்டு, 5 சதவீதக் கரைசலைக் கண்ணுக்குள்ளேயே விட்டுச் சில நிமிடம் காத்திருப்போம். அவசரமாக விட்டு அவசரமாகக் கழுவினால் பிரயோஜனம் இல்லை. 1980களில் அமெரிக்காவில் லெனார்ட் ஆப்ட், ஷெர்வின் ஐசன்பர்க் என்ற இரண்டு குழந்தைக் கண் மருத்துவர்கள் இதைச் சோதித்துக் காட்டிய பிறகுதான் உலகம் முழுக்கப் பழக்கத்துக்கு வந்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போது குழந்தையின் முகத்தில் மஞ்சளாக, பழுப்பாகக் கறை இருந்தால் அதுதான், பயப்படாதீர்கள். அப்புறம் இமை முடி ஊசியிலோ நூலிலோ பட்டுவிடாமல் ஒட்டும் பிளாஸ்டிக் உறையால் இமையை மூடி மடித்துவிடுவோம்.

நிலாவின் அம்மா, உங்கள் கையில் இருப்பது ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முன் குழந்தைக்குச் சளி, மூக்கொழுகல், சைனஸ், கண்ணில் பீளை, இமையில் கட்டி, கண்ணைச் சுற்றிச் சொறி, கரப்பான், கண்ணில் ஓயாமல் நீர் வடிதல் இதில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போய்விடுமே, லீவு போட்டுவிட்டோமே என்று சில பெற்றோர் குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட்டு ஒன்றுமில்லை என்பார்கள். மயக்க மருந்துக்கும் அது ஆபத்து, கண்ணுக்கும் ஆபத்து. மாறுகண் ஆபரேஷனில் தள்ளிப்போடுவதால் ஒரு மாதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது.

---

கரூர்_தகப்பன் | செவ்வாய், பிற்பகல் 1.20

எங்கள் பையனுக்கு ஆறு வயதில் ஒரு கண்ணில் செய்தோம். அவனுக்கு இந்த செல்லுலைட்டிஸ் வந்து குணமானது. அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்த அன்று வாந்தி எடுத்தான். அது இந்த ஆபரேஷனில் வழக்கம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மறுநாள் எழுந்து விளையாடினான். கண் நன்றாகச் சிவந்திருந்தது, ரத்தம் கலந்த கண்ணீர் தலையணையில் கொஞ்சம் பட்டிருந்தது. அதையும் எதிர்பார்த்தோம். அதற்கடுத்த நாள் மாலையில்தான் மாறியது. மேல் இமை வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. சாப்பிட வரவில்லை. கார்ட்டூன் போட்டுக் கொடுத்தாலும் வேண்டாமென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எங்களைப் பயமுறுத்தியது கண்ணைவிட அந்தப் படுக்கைதான்.

ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போன் செய்தால், எடுத்தவர் சிவப்பு சகஜம், ரிவ்யூ அன்று வாருங்கள் என்றார். நாங்கள் கேட்டது சிவப்பைப் பற்றியே இல்லை. என் மனைவி போனை வாங்கி, நேற்றைவிட இன்று மோசம், இமை திறக்கவில்லை, காய்ச்சல் இருக்கிறது, டாக்டரிடம் இணைப்பு கொடுங்கள் என்று நின்றாள். இணைப்பு கிடைத்ததும் டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி, உடனே கிளம்புங்கள் என்றார். அன்றிரவே சேர்த்துக்கொண்டார்கள். சிடி ஸ்கேன், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக். கண்ணுக்குப் பின்னால் சீழ் கட்டவில்லை. மருந்து ஏற ஏற வீக்கம் வடிந்தது. பார்வைக்கு ஒன்றுமில்லை, கண்ணும் நேராகவே நிற்கிறது.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு நான் கேட்டுக்கொள்வது, போனில் பேசும்போது கண் சிவப்பாக இருக்கிறது என்று தொடங்காதீர்கள். அதைக் கேட்டதுமே எதிர்முனையில் இருப்பவர் சகஜம் என்றுதான் சொல்வார். நேற்று எப்படி இருந்தது, இன்று எது கூடியிருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். யாரும் கேட்கவில்லையென்றால் நேரில் போய் நில்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற_கண்மருத்துவர் | செவ்வாய், மாலை 4.30

தம்பி எழுதியதை ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும். நான் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தாலும் இவ்வளவு தெளிவாக வராது.

நல்லபடியாக ஆறும் கண் தினமும் கொஞ்சம் தேறும். முதல் நாள் கண் கூசும், உறுத்தும், கண்ணை அசைத்தால் வலிக்கும். இரண்டாம் நாள் அதைவிடக் குறையும். மூன்றாம் நாள் குழந்தை தன்னால் கண்ணைத் திறந்து ஓடியாடும். சிவப்பு மட்டும் சில வாரங்கள் இருக்கும். தையல் போட்ட மூலையில் சிவப்புத் திட்டாக நிற்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். தொற்று வந்த கண் முதல் ஓரிரு நாள் எல்லாக் கண்ணையும் போலவே இருந்துவிட்டு, அப்புறம் திரும்பி மோசமாகும். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். இந்தத் திசைமாற்றம்தான் நான் பார்க்கச் சொல்வது.

செல்லுலைட்டிஸில் இமை வீங்கிச் சிவக்கும், காய்ச்சல் வரலாம். தொற்று இமையோடு நின்றால் கண் நன்றாக அசையும், பார்வை தெளிவாக இருக்கும். இமைக்குப் பின்னால் ஒரு மெல்லிய தடுப்புத் திரை இருக்கிறது. அதைத் தாண்டிக் கண்குழிக்குள் போய்விட்டால் கண் முன்னால் பிதுங்கும், அசைவு குறையும், பார்வை மங்கும். பார்வை நரம்பு அங்கேதான் ஓடுகிறது. கவனிக்காமல் விட்டால் மூளைப் பக்கமும் பரவக்கூடும். அதனால்தான் சேர்த்து வைத்து மருந்து ஏற்றுகிறார்கள்.

கண்ணுக்குள் வரும் தொற்றைப் பெரியவர்கள் எளிதில் சொல்லிவிடுவார்கள், வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்று. நான்கு வயதுக் குழந்தை சொல்லாது. ஒரு கண்ணில் பார்வை போனாலும் மற்றக் கண்ணால் பார்த்து விளையாடும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மருத்துவ அறிக்கையில் எட்டு மாதம் முதல் ஆறு வயது வரையிலான ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவர்களிடம் முதலில் தெரிந்தது சோர்வும், இரண்டு கண்ணின் சிவப்பும் சமமாக இல்லாததும். இமை வீக்கமோ காய்ச்சலோ சிலருக்கு இருந்தது, சிலருக்கு இல்லை. நிமோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற வீரியமான கிருமிகள். பார்வை முடிவு மிக மோசம். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஏன் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

நிலாவுக்கு இரண்டு கண்ணிலும் செய்யப்போகிறார்கள். ஒரு வகையில் இது உங்களுக்கு உதவி. இரண்டும் ஒரேபோல் சிவந்திருக்க வேண்டும். ஒன்று வடியும்போது மற்றொன்று கூடினால் உடனே காட்டுங்கள். கருவிழிக்குப் பின்னால் வெள்ளையாக ஏதாவது படிந்தாலோ, கண் பாப்பாவில், அதாவது கருவிழியின் நடுவே உள்ள கறுப்பு வட்டத்தில், வெள்ளை தெரிந்தாலோ நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும்.

---

மூலிகைத்_தோட்டம் | செவ்வாய், இரவு 7.15

எங்கள் ஊரில் கண் சிவந்தால் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவோம், சாறும் விடுவோம். குழந்தைகளுக்குத் தாய்ப்பால் விடுவார்கள். குளிர்ச்சி. ஆபரேஷன் சிவப்புக்கும் இதைச் செய்யலாமே? மருந்து மருந்து என்று எதற்குப் பயப்பட வேண்டும்?

---

தியேட்டர்_அக்கா | செவ்வாய், இரவு 8.02

ஐயா, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், என் பாட்டியும் இதையேதான் செய்தார். ஆனால் ஆபரேஷன் ஆன கண் திறந்த புண். பூவில் மண்ணும் தண்ணீரும் பூச்சியும் பட்டிருக்கும். தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமுதம், ஆனால் அதிலும் தோலின் கிருமிகள் இருக்கும், கண்ணில் விட்டால் அங்கேயே தங்கி அவற்றுக்கு உணவாகும். தையல் நூல் கரையும் வரை தயவுசெய்து டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு, களிம்பு தவிர எதுவும் வேண்டாம். விளக்கெண்ணெய், பன்னீர், தேன், உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றுவது எல்லாமே நிறுத்தி வையுங்கள். எண்ணெய் வழிந்து கண்ணுக்குத்தான் வரும்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடுங்கள். நீங்கள் மருந்து வாங்கப் போன நேரத்தில் ஆசையாக இரண்டு சொட்டு விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, முன்கூட்டியே சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

---

சித்தி_சுதா | புதன், இரவு 9.48

அவசரம். இந்த இழை இப்போதுதான் கண்ணில் பட்டது. என் அக்கா மகன், ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை வலது கண்ணில் மாறுகண் ஆபரேஷன். நேற்று நன்றாக இருந்தான். இன்று காலையிலிருந்து இமை வீங்கி, இப்போது கண்ணே திறக்கவில்லை. உடம்பு சுடுகிறது. மஞ்சளாகப் பீளை. மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைதான் ரிவ்யூ. ஆபரேஷன் செய்த ஊர் இங்கிருந்து நான்கு மணி நேரம். காலை முதல் பஸ்ஸுக்குப் போகலாமா?

---

கரூர்_தகப்பன் | புதன், இரவு 9.53

சகோதரி, இப்போதே கிளம்புங்கள். காலை வேண்டாம். எங்கள் பையனுக்கு வந்தது இதேதான். பக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எது? வண்டி இல்லையென்றால் 108க்குப் போன் செய்யுங்கள்.

---

ஓய்வுபெற்ற_கண்மருத்துவர் | புதன், இரவு 9.57

சுதா, நான்கு மணி நேரப் பயணம் இப்போது தேவையில்லை. மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே குழந்தை மருத்துவரும் கண் மருத்துவரும் அழைப்பில் இருப்பார்கள். முதல் ஊசி மருந்து அங்கேயே ஏறட்டும். மேல் சிகிச்சைக்கு எங்கே போவது என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, போட்டுக்கொண்டிருக்கும் சொட்டுமருந்து பாட்டில், கொடுத்த மாத்திரையின் பெயரும் நேரமும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை அழுத்தித் திறந்து பார்க்காதீர்கள், பீளையை வழித்து எடுக்காதீர்கள். கிருமி எது என்று சோதிக்க அது அவர்களுக்கு வேண்டும். போகும் வழியில் ஆபரேஷன் செய்த டாக்டரையும் போனில் பிடிக்கப் பாருங்கள். சாப்பாடு கொடுக்க வேண்டாம், ஸ்கேனுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம்.

---

சித்தி_சுதா | புதன், இரவு 10.06

கிளம்பிவிட்டோம். பக்கத்து வீட்டு அண்ணன் கார் எடுத்திருக்கிறார்.

---

நிலாஅம்மா | வியாழன், காலை 7.30

சுதா, இரவெல்லாம் உங்கள் நினைப்புதான். முடிந்தபோது இரண்டு வார்த்தை எழுதுங்கள்.

---

சித்தி_சுதா | வியாழன், மாலை 3.15

எல்லோருக்கும் கோடி நன்றி. சேர்த்துவிட்டார்கள். இரவே ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். காலையில் கண் டாக்டர் வந்து மெதுவாக இமையைப் பிரித்துப் பார்த்தார். கண் எல்லாப் பக்கமும் அசைகிறது, கண்ணுக்குள் தெளிவாக இருக்கிறது, தொற்று இமைப் பக்கம்தான் என்றார். ஆனாலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், கண்குழிக்குள் சீழ் இல்லை. ஆபரேஷன் செய்த டாக்டரும் போனில் இவர்களோடு பேசினார். பையன் மதியம் இட்லி சாப்பிட்டான். இமை கொஞ்சம் பிரிகிறது. அக்கா அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

டாக்டர் ஒன்று கேட்டார், ஆபரேஷனுக்கு முன் சளி இருந்ததா என்று. இருந்தது.

---

படியூர்_முருகேசன் | வியாழன், இரவு 8.40

இதையெல்லாம் படித்தால் எதற்கு இந்த ஆபரேஷன் என்றுதான் தோன்றுகிறது. உயிருக்கு ஆபத்தில்லாத விஷயம். அழகுக்காகக் குழந்தையின் கண்ணைப் பணயம் வைப்பதா? பெரியவர்கள் சொல்வதுபோல அதிர்ஷ்டக் கண் என்று விட்டுவிடலாம்.

---

மாறுகண்_மாலதி | வியாழன், இரவு 9.25

முருகேசன் அண்ணா, எனக்கு முப்பத்து நான்கு வயதில்தான் ஆபரேஷன் நடந்தது. அதிர்ஷ்டக் கண் என்று சொல்லி வளர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் அதிர்ஷ்டம் என்று கூப்பிடவில்லை, ஒன்றரைக் கண் என்றுதான் கூப்பிட்டார்கள். யாரைப் பார்த்துப் பேசினாலும் அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பார். வேலைக்கான நேர்முகத் தேர்வில் தலைகுனிந்தே பதில் சொல்வேன். மாப்பிள்ளை வீட்டார் முன் நிற்க வைத்த நாட்களைப் பற்றி நான் இங்கே எழுத விரும்பவில்லை.

எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. அதனால் தொற்று பயத்தை டாக்டரே முதலில் பேசினார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகுதான் தேதி கொடுத்தார். இமை ஓரத்தில் செதில் இருந்ததற்கு முதலில் வெந்நீர் ஒத்தடமும் களிம்பும் கொடுத்துச் சரிசெய்தார்கள். ஆபரேஷன் ஆனது, ஒரு தொல்லையும் இல்லை. அழகுக்காக என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

---

ஓய்வுபெற்ற_கண்மருத்துவர் | வெள்ளி, காலை 6.15

மாலதி எழுதியதற்குப் பிறகு நான் சொல்ல அதிகம் இல்லை. மருத்துவக் காரணம் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சின்ன வயதில் இரண்டு கண்ணும் ஒரே பொருளை நேராகப் பார்த்தால்தான் மூளை இரண்டு படத்தையும் ஒன்றாக்கி ஆழத்தை உணரப் பழகும். அந்த வாய்ப்பு வயதோடு குறையும். நிலாவின் வயதில் செய்வதற்கு இதுவும் காரணம்.

முருகேசன் சொல்லும் பயம் நியாயமானது, அதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். இந்த ஆபரேஷனை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் பெர்லினில் இருந்த டீஃபன்பாக், 1839 அக்டோபரில், ஏழு வயதுப் பையனுக்கு. அப்போது மயக்க மருந்து இல்லை, கிருமி என்ற அறிவே இல்லை. லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டது 1867இல்தான். அந்த இடைவெளியில் செய்துகொண்டவர்கள் என்ன பட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இன்று நம்மிடம் அயோடின் இருக்கிறது, நுண்ணோக்கி இருக்கிறது, ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஊசி இருக்கிறது. தசையை வெண்விழியின் பின்பகுதியில் தைக்காமல், பழைய இடத்திலிருந்தே நூலில் தொங்கவிடும் முறையும் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான் பெற்றோரின் கண் தேவைப்படுகிறது.

---

பி_பார்ம்_ராஜா | வெள்ளி, காலை 10.50

டாக்டர், ஒரு சந்தேகம். இவ்வளவு பயம் இருந்தால் எல்லாக் குழந்தைக்கும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்துவிடலாமே? எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளில் சில டாக்டர்கள் எழுதுகிறார்கள், சிலர் எழுதுவதில்லை. அப்புறம் சொட்டுமருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதே, அது தொற்றைக் கூட்டாதா?

---

ஓய்வுபெற்ற_கண்மருத்துவர் | வெள்ளி, மதியம் 12.20

ராஜா, சிரப் வாய்வழியாகப் போய்க் கண்ணின் உட்பகுதிக்குச் சேரும் அளவு போதாது. இவ்வளவு அரிதான தொற்றைச் சிரப் தடுக்கிறது என்று நிரூபிப்பதும் முடியாத காரியம், லட்சக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் வயிற்றுப்போக்கும் மருந்துக்கு மசியாத கிருமிகளும்தான் மிஞ்சும். நன்மை உறுதியாகத் தெரிந்தது அயோடின்தான். ஆபரேஷனில் துளை விழுந்ததாகச் சந்தேகம் வந்தால் கதை வேறு, அப்போது ஆன்டிபயாடிக் கொடுப்பவர்கள் உண்டு.

ஸ்டீராய்டு கலந்த சொட்டு வீக்கத்தையும் தழும்பையும் குறைக்கத்தான். நல்ல கண்ணில் அதனால் பயனுண்டு. ஆனால் தொற்று தொடங்கியிருந்தால் அதே ஸ்டீராய்டு முதல் அறிகுறிகளைக் கொஞ்சம் மூடி மறைக்கும். ஆகவே சிவப்பு கூடுகிறதே என்று பெற்றோர் தாமாகச் சொட்டை இரட்டிப்பாக்குவதும், கடையில் கேட்டு வேறு சொட்டு வாங்குவதும் கூடாது. உங்களைப் போன்றவர்கள் கவுண்டரில் இதைச் சொல்லி அனுப்பினால் பெரிய உதவி.

எண்டாப்தால்மைட்டிஸ் வந்துவிட்டால் சொட்டும் சிரப்பும் போதவே போதாது. வான்கோமைசின், செஃப்டாசிடிம் போன்ற மருந்துகளைக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்த வேண்டும், பல நேரம் விட்ரக்டமி என்ற ஆபரேஷன் செய்து உள்ளிருக்கும் சீழை அகற்ற வேண்டும். குழந்தைக்கு இதெல்லாம் முழு மயக்கத்தில்தான். விழித்திரை நிபுணர் இருக்கும் இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதுதான் முக்கியம்.

---

நிலாஅம்மா | சனி, மாலை 5.40

முன் பரிசோதனைக்குப் போய் வந்தோம். நிலாவுக்கு வியாழனிலிருந்து மூக்கொழுகல். தியேட்டர் அக்கா சொன்னது நினைவிருந்ததால் நானே சொன்னேன். மயக்க மருந்து டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, தேதியை அடுத்த மாதத்துக்கு மாற்றினார். என் கணவருக்கு லீவு வீணானதில் வருத்தம்தான், சுதா எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறை டாக்டரிடம் நின்று கேட்டேன். இரவில் கூப்பிட வேண்டிய எண்ணைச் சம்மதப் படிவத்தின் நகலிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து அன்றே ஊருக்குப் போகாமல் சில நாள் அதே ஊரில் அத்தை வீட்டில் தங்கப்போகிறோம். கரூர் அண்ணா, உங்கள் மனைவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். தினமும் போட்டோ எடுத்து வைத்தால் டாக்டருக்குப் பயன்படுமா? தலைக்கு எப்போது ஊற்றலாம்?

---

தியேட்டர்_அக்கா | சனி, இரவு 8.10

கட்டாயம் எடுங்கள்மா. தினமும் காலையில் அதே ஜன்னல் பக்கம், அதே நேரம், பிளாஷ் இல்லாமல், இரண்டு கண்ணும் ஒரே படத்தில் வரும்படி. இமை மூடியபடி ஒன்று, நேராகப் பார்க்கும்போது ஒன்று. போனில் டாக்டரிடம் பேசும்போது நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் சேர்த்து அனுப்பினால் அவருக்கு முடிவெடுப்பது சுலபம். ஆனால் படம் நன்றாக இருக்கிறது, குழந்தை மட்டும் வாடிக் கிடக்கிறாள் என்றால் படத்தை நம்பாதீர்கள், குழந்தையை நம்புங்கள்.

தலைக்கு ஊற்றுவது முதல் ரிவ்யூவில் டாக்டர் சொன்ன பிறகு. அதுவரை கழுத்துக்குக் கீழே குளியல், முகத்துக்கு ஈரத்துணி. பிறகும் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுங்கள். நீச்சல் குளம், ஆறு, கிணறு, மணல் விளையாட்டு எல்லாம் இரண்டு வாரமாவது வேண்டாம். சொட்டு போடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பாட்டில் நுனி இமையில் படக் கூடாது, இரண்டு கண்ணிலும் செய்வதால் தனித்தனிப் பாட்டில் கொடுத்தால் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அவளுடைய நகத்தை ஆபரேஷனுக்கு முந்தின நாளே வெட்டிவிடுங்கள். தூக்கத்தில் கண்ணைக் கசக்குவாள்.

---

சித்தி_சுதா | திங்கள், காலை 11.00

பையனை இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மீதி மருந்து வாய்வழியாக. நிலாவுக்கு அடுத்த மாதம் எந்தத் தேதி என்று சொல்லுங்கள், அக்காவும் கேட்கிறாள்.